பாதையில் மெஷினின் பெயரையும் பாருங்கப்பா

மட்டக்களப்பில் இருந்துகொண்டு சிங்கப்பூர் சேர்வரில் கோட் எழுதுகிற ஆட்கள் இப்போது கொஞ்சப் பேர் இருக்கிறோம். கோட் எழுதும் எடிட்டர்களுக்கு நீட்சி, அதாவது கூடுதல் வசதி தரும் சிறு நிரல், எழுதுகிறவர்கள் மீது எங்களுக்கு ஒரு மனக்குறை உண்டு: கோப்பு வேறு மெஷினில் இருக்கலாம் என்று அவர்கள் நினைப்பதில்லை.

ஈமாக்ஸ் என்ற எடிட்டரில் ட்ராம்ப் என்று ஒரு வசதி இருக்கிறது, 1998இல் தொடங்கியது. கோப்பின் பாதைக்கு (எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்ற முகவரிக்கு) முன்னால் எஸ்எஸ்எச் என்ற இணைப்பு முறை, பயனர் பெயர், சேர்வர் பெயர் மூன்றையும் போட்டால் தூரத்துக் கோப்பு பக்கத்துக் கோப்பு மாதிரித் திறக்கும். திருத்தலாம், சேமிக்கலாம். இதுவரைக்கும் ஒரு சோலியும் இல்லை.

மறுகா கம்பைல் பண்ணும்போதுதான், அதாவது எழுதிய கோட்டை ஓடக்கூடிய நிரலாக மாற்றும்போதுதான், கூத்து. கம்பைலர் ஓடுவது சேர்வரில். அது காட்டும் பிழையில் கோப்பின் பாதையும் 42ஆவது வரி என்றும் மட்டும்தான் இருக்கும். எந்த மெஷின் என்பது இருக்காது. அதைச் சொல்வது கம்பைலரின் வேலையும் இல்லை. அந்த வரியை அழுத்தினால், கவனமில்லாமல் எழுதிய நீட்சி அதே பாதையை நம் மடிக்கணினியில் தேடும். கிடைக்காவிட்டால் வெறும் கோப்பொன்றைத் திறந்து வைக்கும். வெறுமையாகத் திறந்தால் புண்ணியம்! பழைய பிரதி ஒன்று இங்கேயும் அதே பாதையில் கிடந்தால் அதைத் திருத்துவீர்கள், சேமிப்பீர்கள், திரும்பக் கம்பைல் பண்ணுவீர்கள். அதே பிழை, அதே 42.

பிரதான வீதி காத்தான்குடியிலும் இருக்கு, கல்முனையிலும் இருக்கு. ஊர் போடாமல் வீட்டு இலக்கம் மட்டும் எழுதினால் தபால்காரர் என்ன செய்வார்?

இத்தனைக்கும் ஈமாக்ஸில் இதற்கெல்லாம் வழி உண்டு. அதன் கோல்-ப்ரொசெஸ் என்ற கட்டளை எப்போதும் உள்ளூர் மெஷினில்தான் நிரலை ஓட்டும். ப்ரொசெஸ்-ஃபைல் என்ற கட்டளை, நாம் வேலைசெய்யும் கோப்புறை எங்கே இருக்கிறதோ அங்கே ஓட்டும். சேர்வரில் ஓடும் நிரலுக்குப் பாதையைக் கொடுக்க முன் ஃபைல்-லோக்கல்-நேம் என்ற கட்டளையைப் போட்டால் மெஷினின் பெயர் கழன்றுவிடும். திரும்பி வரும் பாதைக்கு அதை மறுபடி ஒட்டினால் சரி. நாலு வரி வேலை. பாதையை வெறும் எழுத்துக் கோவையாக நினைத்து வெட்டி ஒட்டுகிறவர்கள்தான் இதைச் செய்வதில்லை.

"விஎஸ் கோட் பாவியுங்க அண்ணே" என்று இன்னொரு எடிட்டரைத் தம்பிமார் சொல்வார்கள். 2019இல் வந்த அதன் ரிமோட் வசதி, தன் பாதியைச் சேர்வரிலேயே நிறுவிவிடுகிறது. நீட்சிகள் அங்கேயே ஓடுவதால் பாதைச் சிக்கலே இல்லை. நல்ல யோசனை, மறுக்கவில்லை. ஆனால் அதற்குச் சேர்வரில் குறைந்தது 1 ஜிபி நினைவகம் வேண்டும். மலிவான சின்னச் சேர்வர்களில் அதுவே பாரம்.

இன்னொன்று வேகம். ப்ராஜெக்ட்டின் வேர்க் கோப்புறை எது என்று பார்க்க, கிட் கோப்புறை (கோட்டின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கோப்புறை) இருக்கிறதா என்று ஒவ்வொரு படியாக மேலே ஏறித் தேடும் நீட்சிகள் உண்டு. உள்ளூரில் கண் சிமிட்டும் நேரம். எங்களுக்கு ஒவ்வொரு படிக்கும் கேள்வி கடல் தாண்டிப் போய் வரவேண்டும்.

நீட்சியை வெளியிட முன் தூரத்துக் கோப்பு ஒன்றைத் திறந்து கம்பைல் பண்ணிப் பாருங்கள். கையில் சேர்வர் இல்லையென்றால் சொந்த மெஷினிலேயே சுடோ (நிர்வாகி உரிமை தரும் கட்டளை) வழியாக ஒரு கோப்பைத் திறந்தால் போதும். ட்ராம்ப் அதையும் தூரத்துக் கோப்பாகத்தான் எடுக்கும்.