தாம்பரம் தாண்டிட்டேன் அக்கா

"அக்கா, தாம்பரம் தாண்டிட்டேன்" என்று டைல்ஸ் மேஸ்திரி சொல்லி இன்றோடு ஆறு நாள் ஆகிறது. தாம்பரத்திலிருந்து எங்கள் வீடு இருக்கிற கூடுவாஞ்சேரி எவ்வளவு தூரம் என்று உங்களுக்கே தெரியும். பெருங்களத்தூரில் என்னதான் நெரிசல் என்றாலும் ஆறு நாளா? அன்றைக்கே இறங்கி நடந்திருந்தால் இந்நேரம் விழுப்புரத்தில் டீ குடித்துக்கொண்டிருப்பார். இன்று காலையும் போன் போட்டேன். அதே தாம்பரம், அதே தாண்டல். பின்னணியில் மட்டும் நாதஸ்வரமும் கெட்டிமேளமும். ஜிஎஸ்டி ரோட்டில் ஏதய்யா கெட்டிமேளம்? யாருக்கு யார் தாலி கட்டினார்களோ, நன்றாக இருக்கட்டும்.

பெரிய வேலையும் இல்லை. சமையலறை வாசலில் ஒரே ஒரு டைல்ஸ், ரெண்டுக்கு ரெண்டு. போன மாதம் ஒரு மத்தியானம் டமார் என்று சத்தம். குக்கர் வெடித்துவிட்டது என்று ஓடினேன். அன்று குக்கரே வைக்கவில்லை என்பது ஓடி முடித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. பார்த்தால் டைல்ஸ் ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு, நடுவில் கீறலோடு நிற்கிறது.

ஆள் வைத்துச் செய்வதா, நாமே செய்வதா என்று ஏதோ நம் கையில் இருக்கிற மாதிரி யோசித்தோம் பாருங்கள், அதை நினைத்தால்தான் சிரிப்பு வருகிறது. ஒரு டைல்ஸுக்கு எந்த ஆளும் வரமாட்டார். போன் செய்த மூன்று பேரும் "எத்தனை சதுரடி மேடம்?" என்றுதான் ஆரம்பித்தார்கள். நாலு என்றேன். ஒருவர் "நாலாயிரமா?" என்று சந்தோஷமாகக் கேட்டார். இன்னொருவர் சத்தமே இல்லாமல் வைத்துவிட்டார். முழு நாள் கூலி, சித்தாள் கூலி, டீக்காசு எல்லாம் தருகிறேன் என்றேன். ஊஹூம்.

இந்த இடைவெளியில்தான் என் வீட்டுக்காரர் எட்டு நிமிட வீடியோ ஒன்றைப் பார்த்தார். "இதுக்குப் போய் ஆளா? நாமளே போட்டுடலாம்." அந்த வீடியோவில் இருந்த வீட்டில் இரண்டு டைல்ஸுக்கு நடுவே ஒரு குச்சி நுழைகிற அளவு இடைவெளி இருந்தது. நம் வீட்டில் பேப்பர் ஜாயிண்ட். "ஜாயிண்டே தெரியாது மேடம்" என்று கட்டிக்கொடுத்தவர் பெருமையாகச் சொன்னதும், நான் ஈ என்று இளித்ததும் நினைவிருக்கிறது. இடைவெளியே விடாமல் சுவருக்குச் சுவர் நெருக்கிப் போட்டால் வெயிலில் விரிகிற டைல்ஸ் எங்கே போகும்? பக்கத்தில் இடமில்லாவிட்டால் மேலேதான் போகும்.

டைல்ஸ் ஒட்டுகிற பசை 20 கிலோ மூட்டையாக வந்து இறங்கியது. நமக்குத் தேவை இரண்டு கிலோ. மீதியைப் பால்கனியில் வைத்திருக்கிறோம். ஈரக்காற்றில் அது சீக்கிரமே கல்லாகிவிடும், அப்போது அதையே தூக்கிப் பள்ளத்தில் வைத்து அடைத்துவிடலாம் என்று எனக்கு ஒரு யோசனை உண்டு.

உடைந்த டைல்ஸை எடுக்கும்போது நடுவில் தட்டி உடைத்து, அங்கிருந்து ஓரத்துக்கு வரவேண்டுமாம். அது வீடியோவின் ஐந்தாவது நிமிடத்தில் இருக்கிறது. என் வீட்டுக்காரர் நாலாவது நிமிடத்திலேயே உளியை எடுத்துவிட்டார். ஓரத்தில் வைத்து ஒரு நெம்பு நெம்பினார். பக்கத்து டைல்ஸின் மூக்கு போயிற்று. ஒன்று இரண்டானது. அடியில் பார்த்தால், நாலு மூலைக்கு நாலு, நடுவில் ஒன்று என்று இட்லித்தட்டு மாதிரி ஐந்து சிமெண்ட் உருண்டை. மீதியெல்லாம் காற்று. டைல்ஸின் முதுகோ நேற்றுக் கடையில் வாங்கியது போலச் சுத்தமாக இருந்தது. விட்ரிஃபைடு டைல்ஸ் தண்ணீரே குடிக்காது. அதன் எடையில் அரை சதவீதம் உறிஞ்சினாலே அதிகம். அதில் வெறும் சிமெண்ட் பால் எப்படிப் பிடிக்கும்? பசையில் மிச்சம் பிடித்த காசில் வீடு கட்டிய அந்தப் புண்ணியவான் என்ன வாங்கினாரோ.

சரி, நம் தாம்பரத்தாருக்கு வருகிறேன். இவர் ஒரு தடவை வந்தார், பொய் சொல்லக்கூடாது. கையில் கரண்டி இல்லை, ரசமட்டம் இல்லை, ஒரு டேப்புகூட இல்லை. வந்ததும் கேட்டது, "ஒரு காயின் இருக்கா அக்கா?" ஐந்து ரூபாய் கொடுத்தேன். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மூக்குடைந்த டைல்ஸுக்கு அடுத்ததைத் தட்டினார். டொக். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"கேட்டீங்களா?"

"என்ன?"

"காத்து."

அடுத்தது. டொக். "இதுவும் காத்து." அதற்கடுத்தது, ணங். "இது பரவால்ல" என்று கொஞ்சம் வருத்தமாகச் சொன்னார். அப்படியே தவழ்ந்து ஹாலுக்குப் போனார். டொக். டொக். ணங். டொக். சோபாவைத் தள்ளச் சொன்னார், தள்ளினோம். டிவி பார்த்துக்கொண்டிருந்த மாமியாரை "அம்மா, காலைக் கொஞ்சம்" என்றார். அவர் இரண்டு காலையும் தூக்கிக்கொள்ள, அடியில் டொக். ஸ்டெதஸ்கோப் வைத்த டாக்டர்கூட இவ்வளவு பொறுமையாகக் கேட்கமாட்டார். பூஜை அலமாரிக்கு முன்னால் போனதும் செருப்பில்லாத காலைப் பார்த்து உறுதிசெய்துகொண்டு, சாமி கும்பிட்டுவிட்டுத் தட்டினார். டொக். அங்கேயும் காற்றுதான். ஃபிரிட்ஜுக்கு அடியில் கை நுழையவில்லை. நுழையாவிட்டாலும், "அதுவும் காத்தாத்தான் இருக்கும்" என்றார். முக்கால் மணி நேரம். எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு கணக்குச் சொன்னார்: 31.

"இத்தனை வருஷமா காத்து மேலயா நடந்தேன்?" என்று மாமியார் நெஞ்சில் கை வைத்தார்.

"ஒண்ணைப் பிடுங்கினா இன்னொண்ணு கூடவே வரும் அக்கா. மொத்தமா மாத்திடுங்க, ஒரே வேலையாப் போயிடும்." யாருக்கு? நான் அந்த இரண்டை மட்டும் போடுங்கள் என்று மன்றாடினேன். அதற்குத்தான் மனமிரங்கி அடுத்த நாள் வருவதாகச் சொல்லிப் போனார். அந்த அடுத்த நாளில்தான் தாம்பரம் முதல் தடவையாகத் தாண்டப்பட்டது. என் ஐந்து ரூபாய் அவரிடமே இருக்கிறது.

அன்றிலிருந்து இந்த வீட்டில் ஒருவரும் நேராக நடப்பதில்லை. பையன் பள்ளியிலிருந்து வந்ததும் ஸ்கேலை எடுத்துத் தட்டுகிறான். 33 என்கிறான், மேஸ்திரி இரண்டை விட்டுவிட்டாராம். மாமியார் ணங் டைல்ஸாகப் பார்த்து மிதித்துப் போகிறார், பாண்டி ஆடுகிற மாதிரி.

டைல்ஸ் வாங்கிய கதை தனி. உடைந்த துண்டைப் பையில் போட்டுக்கொண்டு மூன்று கடை ஏறினேன். நம் வீட்டுத் தரை ஐவரி. ஐவரி என்று கேட்டால் பதினோரு ஐவரி காட்டுகிறார்கள், பதினொன்றும் நம்முடையது இல்லை. "குஜராத் மோர்பில இருந்து புதுசு புதுசா டிசைன் வந்துட்டே இருக்கு மேடம், இதெல்லாம் நின்னுபோச்சு" என்றார் ஒருவர், நான் பாட்டி காலத்துப் பித்தளைக் கூஜாவுக்கு மூடி கேட்டது போல. அதே டிசைன் கிடைத்தாலும் பெட்டியில் போட்டிருக்கிற ஷேடு நம்பர் மாறினால் நிறம் ஒட்டாதாம். வீடு வாங்கும்போது மிச்சம் ஒரு பெட்டி கொடுத்தார்களே என்கிறீர்களா? கொடுத்தார்கள், நாலு டைல்ஸ். அதை வாட்ச்மேன் தண்ணீர் டிரம்முக்கு அடியில் வைக்கக் கொடுத்தது யார் என்கிற பேச்சை இப்போது எடுக்க வேண்டாம்.

கடைசியில் பதினோரு ஐவரியில் கொஞ்சம் பக்கத்து ஐவரியாக ஒரு பெட்டி வாங்கி வைத்திருக்கிறேன். பள்ளத்தின் மேல் மிதியடி. மிதியடி வழுக்காமலிருக்க அதன் மேல் ஒரு ஸ்டூல். ஸ்டூலில் யாரும் இடித்துக்கொள்ளாமலிருக்க ராத்திரியெல்லாம் விளக்கு.

இன்று கெட்டிமேளம் கேட்ட பிறகு எனக்குப் பொறுக்கவில்லை. பத்து நிமிடம் கழித்து மறுபடி போனை எடுத்து, எடுத்த எடுப்பிலேயே ஆரம்பித்துவிட்டேன். "எத்தனை நாள்தான் ஏமாத்துவீங்க? முடியும்னா முடியும்னு சொல்லுங்க, இல்லேன்னா இல்லேன்னு சொல்லுங்க. நான் என்ன ஓசியிலயா கேக்கறேன்?"

எதிர்முனையில் ஒரு பெண் குரல், பயந்துபோய்: "கோச்சுக்காதீங்கக்கா, ஊக்கு மட்டும்தான் வைக்கணும். நாளைக்குக் கண்டிப்பா குடுத்துடறேன்."

போனைப் பார்த்தேன். டைல்ஸ் அண்ணனுக்கு மேலே, டைலர் அக்கா.

ஒன்றரை மாதமாகிறது அந்த ஜாக்கெட் கொடுத்து. ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். அளவு ஜாக்கெட்டும் அவரிடம்தான் இருக்கிறது.