அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்

அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மூன்று நாளாக எனக்கு ஆள் மாற்றி ஆள் அனுப்புகிறார்கள். பாம்பன் பக்கம் கடல்பாசி பறித்துவிட்டுக் கரையேறும் பெண்களை எட்ட நின்று படம்பிடித்து, "இவங்கதான் கடலை அழிக்கிறாங்க" என்று ஒருவர் பேசியிருக்கிறார். பத்தடி தூரத்தில் நிற்கிறார்கள். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு ஆறவே இல்லாதது அதுதான்.

நான் பாசிக்குப் போனவளின் மகள். அம்மா முப்பது வருஷம் போனாள். விடிவதற்குள் வள்ளம் ஏறி, தீவு ஓரம் போய், கண்ணாடி மாட்டிக்கொண்டு மூச்சடக்கி முங்குவாள். விரல்களில் பழைய சேலையைக் கிழித்துச் சுற்றியிருப்பாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்தத் துணியை அவிழ்ப்பது என் வேலை. உப்பில் விறைத்து முடிச்சு இறுகியிருக்கும். பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க முடியும், வாயெல்லாம் கரிக்கும். பாறை கிழித்த விரலில் குழம்புக் காரம் பட்டால் எரியும் என்பதால் அவள் சோற்றை நான்தான் பிசைந்து கொடுப்பேன்.

ஏன் துணி சுற்றினாள்? இரும்பு வைத்துச் சுரண்டினால் வேலை சீக்கிரம் முடியுமே! சுரண்டினால் அடியோடு வந்துவிடும், மறுபடி தழைக்காது. அதனால் கையால் மட்டும்தான் பறிக்க வேண்டும் என்று இந்தப் பெண்களே பேசி முடிவெடுத்தார்கள். மாதத்தில் 12 நாள்தான் கடலுக்குள் இறங்குவது, இனப்பெருக்கக் காலத்தில் பாசியைத் தொடுவதில்லை என்பதும் அவர்கள் வைத்த கட்டுப்பாடுதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் நிற்பது அரசு உத்தரவு. இவர்களுக்கு யார் உத்தரவு போட்டது? கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

தீவுப் பக்கம் பறிக்கக் கூடாதென்று சட்டம் ஒன்று இருக்கிறதே என்கிறார் ஒரு நண்பர். சரி, இருக்கிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் சேர்த்துத் தேசியப் பூங்கா அறிவித்தது 1986-ல். என் அப்பத்தா அதற்கு முன்பே அங்கே பாசி பறித்தவள். பூங்கா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அங்கேயே பிழைத்தவர்களைத் திருடர்களைப் போலப் பார்க்காதீர்கள் என்கிறேன்.

பவளப்பாறை போனதற்கு யார் பொறுப்பு என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். சுண்ணாம்புக்காகப் பாறையை வெட்டி ஏற்றிய காலம் ஒன்று இருந்தது. எங்கள் கரை ஆட்களும் வெட்டினார்கள், மறைக்கவில்லை. இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. ஆனால் அதைப் பாசிக்காரிகள் தலையில் ஏன் கட்டுகிறீர்கள்? மண்டபம் பக்கம் வளர்ப்பதற்கென்று கொண்டுவந்த வெளிநாட்டுப் பாசி குருசடைத் தீவுப் பவளத்தின் மேல் படர்ந்து மூடியதே, அதைக் கொண்டுவந்தது என் அம்மாவா?

மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி என்று நாங்கள் சொல்லும் கடல்பாசிகள், உறைய வைக்கப் போடும் அகர் அகர் ஆகி ஐஸ்கிரீமுக்கும் ஜெல்லிக்கும் போகின்றன. நாம் எல்லோரும் தின்கிறோம். தின்பது குற்றமில்லை, பறிப்பது மட்டும் குற்றமா? விடுமுறை நாளில் தனுஷ்கோடிக்கு வந்து, அரிச்சல்முனையில் தண்ணீர் பாட்டிலைப் போட்டுவிட்டு ஊர் திரும்புகிறவர்களைப் பற்றி யாரும் வீடியோ போடக் காணோம். எங்களுக்குக் கடல் பார்த்துவிட்டுப் போகிற இடம் இல்லை. எங்கள் வீட்டு அடுப்பு அதை நம்பித்தான் எரிந்தது. அதை அழித்துவிட்டு நாங்கள் எங்கே போவோம்? இந்த ஒன்றைக்கூட யோசிக்க மாட்டீர்களா?

கோபத்தில் நீளமாக எழுதிவிட்டேன். பரவாயில்லை, இருக்கட்டும்.

நேற்று ராத்திரி அம்மாவும் அதைப் பார்த்துவிட்டாள். தம்பி மகன் போனில் காட்டியிருக்கிறான். அவர் பேசியது எதுவும் அவள் காதில் ஏறவில்லை. படத்தை நிறுத்தச் சொல்லி, முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். மூன்றாவதாகச் சாக்கு மூட்டையோடு ஏறி வரும் பெண்ணைக் காட்டி, "இது நம்ம சின்னவ மாதிரில்ல இருக்கு. மூட்டுவலின்னு போகாம இருந்தாளே, மறுபடியும் இறங்குறாளா?" என்றாள்.