ஆர்டர் வருகிறது, காசு எங்கே போகிறது?

ஆன்லைனில் விற்கத் தொடங்கியவர்கள் என்னிடம் முதலில் சொல்வது ஆர்டர் எண்ணிக்கையைத்தான். “போன மாதத்தைவிட இரண்டு மடங்கு” என்பார்கள். கேட்கச் சந்தோஷம்தான். ஆனால் ஒரு ஆர்டருக்குக் கையில் எவ்வளவு நிற்கிறது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. என்னைக் கேட்டால், தொழில் நிலைக்குமா என்பதை அந்த ஒரு எண்தான் சொல்லும்.

ஒரு பொருளை 100-க்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். அடக்கவிலை 40, தளத்தின் கமிஷன் 15, கூரியர் 18, பேக்கிங் 4, விளம்பரம் 10. மிச்சம் 13. பரவாயில்லை என்று தோன்றும். சரி, பத்து ஆர்டரில் ஒன்று ரிட்டர்ன் வருகிறது. தளம் கமிஷனைத் திருப்பித் தந்தாலும், போக ஒரு கூரியர், வர ஒரு கூரியர், பேக்கிங், விளம்பரம் எல்லாம் சேர்த்து 50 போச்சு. பொருளில் கீறல் விழுந்து இனி விற்க முடியாது என்றால் இன்னொரு 40. மற்ற ஒன்பதில் கிடைத்த 117-இல் இந்த 90-ஐக் கழித்தால் நிற்பது 27. ஆயிரத்துக்கு ஆர்டர் எடுத்து 27! உங்கள் உழைப்புக்கு இன்னும் கூலியே போடவில்லை.

அதனால் விலையைக் குறைத்து ஆர்டர் பிடிப்பதைவிட, ரிட்டர்னைக் குறைக்கத்தான் மெனக்கெட வேண்டும். அளவை ‘மீடியம்’ என்று எழுதாமல் சென்டிமீட்டரில் எழுதுங்கள். பொருளைக் கையில் பிடித்தபடி ஒரு படம் போடுங்கள். நேரில் நிறம் கொஞ்சம் மங்கல் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். நாலு பேர் வாங்காமல் போவார்கள், போகட்டும். அப்புறம் பெட்டி. பல கூரியர்கள் எடையோடு நீள அகல உயரத்தையும் கணக்கிட்டு, எது அதிகமோ அதற்குத்தான் காசு வாங்குகின்றன. பெட்டியின் அளவைக் குறைத்தாலே கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம்.

இன்னொன்று, கமிஷன் எவ்வளவு என்பது நம் கையில் இல்லை. 2022 ஏப்ரலில், கைவினைப் பொருட்களுக்குப் பேர்போன எட்சி (Etsy) என்ற விற்பனைத் தளம் தன் விற்பனைக் கட்டணத்தை 5 சதவீதத்திலிருந்து 6.5 ஆக்கியது. ஆயிரக்கணக்கான விற்பனையாளர்கள் ஒரு வாரம் கடையை மூடிப் போராடினார்கள். ஆனாலும் உயர்வு அப்படியேதான் இருந்தது. ஒன்றரைதானே என்று விட முடியாது, மேலே போட்ட கணக்கில் மிச்சமே 13 தான். ஒரே தளத்தை நம்பியிருப்பவர் இதையெல்லாம் ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். தளத்தில் உங்கள் கணக்கு முடக்கப்பட்டால், வர வேண்டிய பணமும் சேர்ந்து நின்றுபோகலாம்.

விற்பனை சீரானதுமே இரண்டாவது தளத்திலும், சொந்தமாகச் சின்னதாய் ஒரு இணையக் கடையிலும் பொருளை ஏற்றிவிடுங்கள். ஆனால் பார்சலுக்குள் சீட்டு வைத்து வாடிக்கையாளரைச் சொந்தக் கடைக்கு இழுக்க வேண்டாம். அமேசான் போன்ற தளங்களில் அது விதிமீறல், இருக்கிற கணக்கும் போய்விடலாம். சொந்தக் கடைக்கு ஆள் வருவது மெதுவாகத்தான் நடக்கும். அதுவரை தளத்து வருமானத்தில் ஒரு பங்கை அதற்கென்றே ஒதுக்கி வையுங்கள்.