பராமரிப்பாளர் பதில் சொல்லாவிட்டாலும் திட்டத்தைத் தொடரலாம்

திறமூலத் திட்டம் என்றால், யாரும் எடுத்து மாற்றிப் பயன்படுத்தும்படி நிரலைத் திறந்து வைத்திருக்கும் மென்பொருள். அதை நடத்திவரும் பராமரிப்பாளர் பதில் சொல்லாமல் போய்விட்டால், அவர் அனுமதி தரும்வரை வேறு யாரும் அதை எடுத்து நடத்த முடியாது என்று சிலர் சொல்கிறார்கள். அது சரியல்ல. அனுமதி ஏற்கெனவே உரிமத்திலேயே எழுதித் தரப்பட்டுவிட்டது.

இதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். நிரல் வைக்கப்பட்டிருக்கும் இணையக் களஞ்சியத்தின் முதல் பக்கத்தில் 'லைசென்ஸ்' அல்லது 'காப்பியிங்' என்ற பெயரில் ஒரு கோப்பு இருக்கும். அது எம்ஐடி உரிமம் என்றால், நகலெடுக்க, மாற்ற, வெளியிட, விற்கக்கூட எல்லாருக்கும் அனுமதி உண்டு என்று 'காப்பிரைட்' என்று தொடங்கும் வரிக்கு அடுத்த பத்தியிலேயே இருக்கிறது. ஜிபிஎல் என்ற இன்னொரு உரிமம் என்றாலும் மாற்றி வெளியிடலாம். ஆனால் அதே உரிமத்தின்கீழ் மூலநிரலையும் தரவேண்டும். நிரல்களை வைக்கும் கிட்ஹப் தளத்தில் 'ஆர்க்கைவ்' செய்துவிட்ட, அதாவது இனி மாற்ற முடியாதபடி மூடிவைத்த பொதுக் களஞ்சியத்தைக்கூட ஃபோர்க் செய்ய, அதாவது தனி நகலாக எடுத்துத் தொடர முடியும்.

உரிமக் கோப்பே இல்லையென்றால் கதை வேறு. அப்போது கேட்டுத்தான் ஆகவேண்டும். நிரல் கண்ணுக்குத் தெரிகிறது என்பதால் மட்டும் அது திறமூலம் ஆகிவிடாது.

திட்டத்தின் பெயர்தான் பலரைக் குழப்புகிறது என்று நினைக்கிறேன். பெயருக்கான உரிமை வேறு, நிரலுக்கான அனுமதி வேறு. 2010-ல் ஓப்பன்ஆஃபிஸ் என்ற அலுவலக மென்பொருளின் பங்களிப்பாளர்களில் பலர் பிரிந்து வந்தபோது, பழைய பெயர் ஆரக்கிள் நிறுவனத்திடமே இருந்தது. அவர்கள் லிப்ரேஆஃபிஸ் என்று புதுப் பெயர் வைத்து, அதே நிரலைத் தொடர்ந்தார்கள். நிரலுக்கு யாரிடமும் தனியாக அனுமதி வாங்க வேண்டியிருக்கவில்லை.

நல்ல திருத்தங்களைக் கையில் வைத்துக்கொண்டு, அனுமதி இல்லையே என்று தன்னார்வலர்கள் விலகிப்போவது வருத்தமாக இருக்கிறது. தயவுசெய்து முதலில் அந்தக் கோப்பைத் திறந்து படியுங்கள்.