நாற்காலியில் சாய்த்துவைத்துக் கேட்கிற கேள்வியா இது?

ஊசி போட்டு, பாதி நாக்கு மரத்துப்போன பிறகு, "பல்லை எடுத்துவிடலாமா, ரூட் கெனால் செய்யலாமா? சீக்கிரம் சொல்லுங்கள் அம்மா" என்று கேட்டால் ஒருவர் என்ன பதில் சொல்ல முடியும்? என் அம்மாவிடம் பல் கிளினிக்கில் இப்படித்தான் கேட்டிருக்கிறார்கள். சீடையைக் கடித்ததில் கீழ்க் கடைவாய்ப்பல் ஒரு பக்கம் உடைந்து, வலி தாங்காமல் போனவர் அவர். வாயைத் திறந்தபடியே தலையை ஆட்டினாராம். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு ரூட் கெனால் வேலையைத் தொடங்கிவிட்டார்கள். நினைக்க நினைக்கக் கொதிக்கிறது.

ரூட் கெனால் முடிந்த அன்று, பணம் கட்டும்போதுதான் அடுத்த செய்தி வருகிறது: பல்லின் மேல் கேப், அதாவது உறை, போட்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் பல் பிளந்துவிடும். கேப் தேவை என்பதில் எனக்குச் சண்டை இல்லை. சொத்தையையும், பல்லுக்குள் நரம்பு ஓடும் சதையான பற்கூழையும் சுரண்டி எடுத்த கடைவாய்ப்பல் மெல்லும் அழுத்தத்தில் பிளக்கக்கூடும் என்பது உண்மைதான். அதை முதல் நாளே சொல்ல உங்களுக்கு என்ன கேடு? உலோகத்தின் மேல் பீங்கான் பூசியது ஒரு விலை, சிர்கோனியா இன்னொரு விலை என்று விலை அட்டையை நீட்டுகிறீர்கள். எங்களுக்குத் தெரிய வேண்டியது அதுவா? உடைந்தது போக எவ்வளவு நல்ல பல் மிச்சம் இருக்கிறது என்பதல்லவா? ஈறுக்கு மேலே சுற்றிலும் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் உறுதியான பல் இருந்தால்தான் கேப் பிடித்து நிற்கும். விரிசல் வேர்வரை இறங்கியிருந்தால் எத்தனை ஆயிரம் கொட்டினாலும் வீண், எடுத்துவிடுவதே நல்லது. இதைப் பற்றி ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"பேசாமல் பிடுங்கிப் போட்டிருக்கலாம், செலவு மிச்சம்" என்கிற உறவினர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இடம் காலியானால் பக்கத்துப் பல் சாயும், மேலே உள்ள எதிர்ப்பல் இறங்கும். பக்கத்துப் பற்களில் மாட்டிப் பொய்ப்பல்லை நிறுத்தும் பிரிட்ஜ் கட்டுவதென்றால் இருபுறமும் உள்ள நல்ல பற்களை ராவ வேண்டும். எலும்பில் திருகு பதித்துப் பல் கட்டும் இம்பிளான்ட் என்றால், அந்த டைட்டானியம் திருகு தாடை எலும்போடு சேர்ந்து இறுகவே மாதக்கணக்கில் ஆகும். அம்மாவுக்குச் சர்க்கரை வேறு. அது கட்டுக்குள் இல்லாவிட்டால் புண் ஆறுவதே தாமதம். பிடுங்கினால் செலவு அன்றோடு தீர்ந்துவிடும் என்று யார் சொன்னது?

மருத்துவக் காப்பீட்டுக்கு ஆண்டுதோறும் பிரீமியம் கட்டுகிறோம். பல் என்றதும், விபத்தாக இருந்தாலொழிய, பெரும்பாலான பாலிசிகள் கைவிரித்துவிடுகின்றன. பல் என்ன உடம்பில் சேராததா?

கேப்புக்குப் பணம் கட்டுமுன் சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியில் ஒருமுறை காட்டிவிடலாம் என்று எக்ஸ்ரே கேட்டேன். "கம்ப்யூட்டரில் இருக்கிறது, வெளியே கொடுக்கும் வழக்கமில்லை" என்கிறார் வரவேற்பில் இருப்பவர். அந்தப் படத்துக்குத் தனியாகப் பணம் வாங்கியிருக்கிறீர்கள், ரசீது என் கையில் இருக்கிறது. அது என் அம்மாவின் பல். வாட்ஸ்அப்பில் அனுப்ப ஒரு நிமிடம்கூட ஆகாது. படம் வரும்வரை கேப்புக்கு ஒரு ரூபாய்கூடக் கட்டமாட்டேன்.