வாங்கியது நான், திறந்து பார்க்கும் உரிமை மட்டும் கம்பெனிக்கா?

"செலவு செய்ய முடியாதவன் ஏன் விலை உயர்ந்த போன் வாங்குகிறான்?"

பழுதான போனை விரும்பிய கடையில் சரிசெய்துகொள்ளும் உரிமைக்குச் சட்டம் வேண்டும் என்று நேற்று முன்தினம் நான் எழுதிய பதிவுக்கு வந்த இந்த ஒரு வரி இன்னும் மனத்தைவிட்டு நீங்கவில்லை. எழுதியவர் என் நட்புப் பட்டியலில் இருப்பவர்தான், யார் என்பது உங்களில் பெரும்பாலோருக்குத் தெரியும். அவரைவிட என்னை வருத்தியவர்கள், அந்த வரிக்கு விருப்பக்குறி போட்டுவிட்டு நகர்ந்தவர்கள். அவர்களில் பலர் என் வீட்டுக்கு வந்து சாப்பிட்டவர்கள். பழுதுபார்க்கும் உரிமை கேட்டு நான் எழுதியது, கையில் காசில்லாதவனின் புலம்பலாக அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

எனவே இன்னொரு முறை சொல்கிறேன். விலையைக் குறைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. இலவசமாகச் சரிசெய்து தரச் சொல்லவும் இல்லை. முழு விலையும் ஜிஎஸ்டியும் கட்டி வாங்கிய பொருள் பழுதானால், அதை யாரிடம் கொடுப்பது என்பதை வாங்கியவன்தான் முடிவு செய்ய வேண்டும் என்கிறேன். அந்த முடிவுக்கு அர்த்தம் இருக்க வேண்டுமானால் உதிரி பாகம் வெளியே நியாய விலைக்குக் கிடைக்க வேண்டும். உள்ளே எந்தப் பாகம் எதோடு இணைகிறது என்று காட்டும் சர்க்யூட் படம் கிடைக்க வேண்டும். வேறொரு கடையில் டிஸ்ப்ளே மாற்றினால் போனே முரண்டு பிடிக்கும்படி மென்பொருளில் பூட்டுப் போடக் கூடாது. வாங்கியது நான் என்றால் திறந்து பார்க்கும் உரிமையும் எனக்குத்தான். இதில் ஏழை, பணக்காரன் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது?

அந்தப் பூட்டு என் கற்பனை என்றும் ஒருவர் எழுதியிருந்தார். 2021இல் ஐபோன் 13 வந்தபோது என்ன நடந்தது என்று அவர் தேடிப் படிக்கட்டும். திரையை வெளிக்கடையில் மாற்றினால் முகத்தைக் காட்டித் திறக்கும் வசதி செத்துப்போனது. மாட்டியது இன்னொரு ஐபோன் 13இல் இருந்து எடுத்த அசல் திரையாக இருந்தாலும் அதே கதிதான். எதிர்ப்பு வலுத்த பிறகு, மென்பொருளை மாற்றி இதைச் சரிசெய்கிறோம் என்று ஆப்பிள் அறிவித்தது. மென்பொருளை மாற்றியதும் சரியாகிவிடுகிறது என்றால், அந்தத் தடை திரையில் இருந்ததா, மென்பொருளில் இருந்ததா?

அதற்கு முந்தைய கதையும் இருக்கிறது. பழைய பேட்டரி உள்ள ஐபோன்களின் வேகத்தைப் பயனாளிக்குத் தெரியாமல் குறைத்ததை அதே நிறுவனம் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. மன்னிப்புக் கேட்டு, பேட்டரி மாற்றும் கட்டணத்தை அமெரிக்காவில் 79 டாலரிலிருந்து 29 டாலராக இறக்கியது. பயனாளிக்கு இதைத் தெரிவிக்காததற்காக 2020இல் பிரான்ஸ் 2.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. போன் மந்தமாகிவிட்டது, புதிது வாங்கும் காலம் வந்துவிட்டது என்று எத்தனை பேர் அந்த இடைவெளியில் கடைக்குப் போயிருப்பார்கள்? பேட்டரியை மாற்றினாலே போதும் என்பதை அவர்களிடம் சொல்ல வேண்டியது யார்?

இப்படிக் கேட்டால் உடனே "லைசன்ஸ் ராஜ் திரும்ப வேண்டுமா?" என்று, தொழில் செய்ய எதற்கெடுத்தாலும் அரசின் அனுமதி வேண்டியிருந்த காலத்தைச் சொல்லிக் கேட்கிறார்கள். அரசு எதிலும் தலையிடாமல் இருந்தால் சந்தையே எல்லாவற்றையும் சரிசெய்துவிடுமாம். பழுதுபார்க்கும் சட்டம் முதலில் வேரூன்றிய இடங்களில் ஒன்று அமெரிக்கா. நியூயார்க் 2022 டிசம்பரில் சட்டம் போட்டது. கலிபோர்னியாவில் 100 டாலருக்கு மேல் விலையுள்ள மின்னணுப் பொருள்களுக்கு ஏழு ஆண்டுகள் வரை உதிரி பாகமும் கையேடும் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. நான் சொல்லும் மென்பொருள் பூட்டையே ஒரேகன் மாநிலம் 2024இல் தடைசெய்தது. இவற்றில் எந்த மாநிலத்தில் இப்போது முதலாளித்துவம் ஒழிந்துவிட்டது? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் முதல் அமலில் இருக்கும் விதிப்படி, ஒரு மாடல் போனின் விற்பனையை நிறுத்திய பிறகும் ஏழு ஆண்டுகளுக்கு முக்கியமான உதிரி பாகங்களை வழங்க வேண்டும். பிரான்ஸில் 2021இல் பழுதுபார்க்க எவ்வளவு எளிது என்பதைப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு விலையோடு சேர்த்துக் காட்டத் தொடங்கினார்கள். அங்கெல்லாம் அதே நிறுவனங்கள் அதே போன்களை விற்றுக்கொண்டுதான் இருக்கின்றன. அந்த ஊர் வாடிக்கையாளனுக்குக் கிடைக்கும் மரியாதையை எனக்கும் கொடு என்று கேட்டால் நான் வளர்ச்சிக்கு விரோதி.

வெளிநாட்டுக் கதை வேண்டாம் என்பவர்களுக்கு நம் நாட்டுக் கதை. தனிமனிதர் ஒருவர் கொடுத்த புகாரில் தொடங்கிய விசாரணையின் முடிவில், 2014 ஆகஸ்டில், சந்தையில் நியாயமான போட்டி நடக்கிறதா என்று கண்காணிக்கும் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சேர்த்து 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அவை செய்த குற்றம், உதிரி பாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் தடுத்தது. நான் சொல்வதைத்தான் அந்த ஆணையமும் சொன்னது. பிறகு மேல்முறையீடு, வழக்கு என்று அது இழுபட்டது வேறு விஷயம். சந்தையில் போட்டி இருக்க வேண்டும் என்று வாய் நிறையப் பேசுகிறவர்கள், பழுதுபார்க்கும் சந்தையில் மட்டும் ஒரே ஒரு கடை போதும் என்கிறார்களே, அது எந்தப் பொருளாதாரம்?

கட்சிக்காரர்கள் இருவர் வந்தார்கள். ஒருவர், நான் மத்திய அரசைத் திட்டுவதற்கு இதைச் சாக்காக எடுத்துக்கொண்டேன் என்றார். இன்னொருவர், போன் ஆலைகள் இருக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஓசூருக்கும் வருகிற முதலீட்டை விரட்டப் பார்க்கிறேன் என்றார். ஒரே பதிவைப் படித்துவிட்டு இருவரும் இருவேறு கட்சிகளின் எதிரியாக என்னை ஆக்கிவிட்டார்கள்.

முதலாமவருக்கு: பழுதுபார்க்கும் உரிமை பற்றி 2022 ஜூலையில் குழு அமைத்ததே மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறைதான். அதே ஆண்டு டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தன்று அதற்கென ஓர் இணையதளமும் தொடங்கினார்கள். பழுதுபார்க்கும் எளிமைக்கு மதிப்பெண் வழங்குவது பற்றி இன்னொரு குழு 2025 மே மாதம் அறிக்கை கொடுத்தது. இதையெல்லாம் நான் பாராட்டித்தான் எழுதியிருந்தேன். குறை என்னவென்றால், இணையதளம் வந்தது, அறிக்கை வந்தது, கம்பெனியைக் கட்டாயப்படுத்தும் சட்டம் மட்டும் வரவில்லை. அதைக் கேட்பது அரசைத் திட்டுவதாகிவிடுமா?

இரண்டாமவருக்கு: ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2014இல் மூடப்பட்டதே, எந்தப் பழுதுபார்க்கும் சட்டத்துக்குப் பயந்து மூடினார்கள்? வரிப் பிரச்சினையும் அந்த நிறுவனத்தின் போன் வியாபாரம் மைக்ரோசாஃப்டுக்குக் கைமாறியதும்தான் காரணமாகச் சொல்லப்பட்டன. அந்தக் காலத்து நோக்கியா போனின் பின்மூடியை நகத்தால் திறந்து பேட்டரியைக் கழற்றலாம். இன்று நம் ஊர்ப் பெண்கள் இரவு ஷிப்டில் நின்று போன்களைப் பொருத்தி அனுப்புகிறார்கள். அதே போனை இந்த ஊர்க் கடைக்காரர் கழற்றினால் அது அத்துமீறலாம். எனக்குப் புரியவில்லை. புரியும்படி யாரும் சொல்லவும் இல்லை.

பாதுகாப்பு பற்றிக் கேட்டவர்களுக்கு மட்டும் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது உண்மையான கேள்வி. லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும். மட்டமான பேட்டரி நிச்சயமாக ஆபத்து. தண்ணீர் புகாதபடி ஒட்டிய போனைப் பிரித்தால் அந்தப் பாதுகாப்பு குறையும். எல்லாம் சரி. ஆனால் மட்டமான பேட்டரி ஏன் சந்தையில் ஓடுகிறது? அசல் பேட்டரி வெளிக்கடைக்குக் கிடைக்காததால்தானே? பிரஷர் குக்கர் வெடித்தால் உயிரே போகும். அதற்காகக் குக்கர் கம்பெனி கேஸ்கட்டையும் சேஃப்டி வால்வையும் பூட்டி வைத்துக்கொள்ளவில்லை. எந்த ஊர்ப் பாத்திரக் கடையிலும் அசல் கேஸ்கட் கிடைக்கிறது, நம் அம்மாக்கள் மாற்றிக்கொள்கிறார்கள். ஆபத்தான பொருளுக்குத்தான் அசல் உதிரி பாகம் எளிதாகக் கிடைக்க வேண்டும். 2027 பிப்ரவரி முதல் ஐரோப்பாவில் விற்கும் கையடக்கச் சாதனங்களின் பேட்டரியைப் பயனாளியே கழற்றி மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும் என்று, சில விலக்குகளோடு, விதி செய்திருக்கிறார்கள். தீ விபத்தைப் பற்றி யோசிக்காமலா செய்திருப்பார்கள்?

"கடைக்காரன் போனில் உள்ள படங்களைத் திருடினால்?" என்று கேட்ட தம்பிக்கு: திருடினால் போலீஸில் புகார் கொடுக்க வேண்டும். கம்பெனி சட்டை போட்டவர் திருட மாட்டார் என்று உங்களுக்கு யார் உத்தரவாதம் கொடுத்தார்கள்?

இனி, இதை எழுதவே வைத்த விஷயத்துக்கு வருகிறேன். என் அப்பா இறந்த பிறகு அவருடைய போன் அம்மாவிடம் இருந்தது. அதில் அப்பா பேசி அனுப்பிய குரல் பதிவுகள், பேத்தியை மடியில் வைத்து எடுத்த படங்கள் எல்லாம் இருந்தன. பூஜை அறையில் விளக்கு துலக்கும்போது தண்ணீர் கொட்டி அது அணைந்துபோனது. அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். பாகங்கள் எல்லாம் பொருத்தியிருக்கும் போர்டையே மாற்ற வேண்டும், மாற்றினால் உள்ளே இருப்பது எல்லாம் போய்விடும் என்றார்கள். அதற்குச் சொன்ன தொகைக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் புதிய போனே வாங்கிவிடலாம். அதையும் அவர்களே சொன்னார்கள், எக்ஸ்சேஞ்ச் சலுகை இருக்கிறது என்று ஒரு தாளையும் நீட்டினார்கள். போர்டைப் பழுதுபார்க்க முடியாதா என்று கேட்டேன். எங்களுக்கு அதற்கு அனுமதி இல்லை சார் என்றார் அங்கே வேலை செய்த பெண். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு விதித்ததை அவர் சொன்னார்.

பிறகு சென்னையில் மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனேன். மாடிப்படியின் அடியில் ஒரு ஆள் உட்கார மட்டுமே இடமிருந்த கடை. அந்த அண்ணன் போர்டை எடுத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்தார். எங்கே ஷார்ட் ஆகிறது என்று மீட்டரை வைத்து ஒவ்வொரு இடமாகத் தொட்டுப் பார்த்தார். கடுகில் பாதிகூட இல்லாத, கெப்பாசிட்டர் என்ற பாகம் ஒன்றைச் சூடாக்கி எடுத்துவிட்டு, பழைய போர்டு ஒன்றிலிருந்து இன்னொன்றை வைத்தார். சர்க்யூட் படம் கையில் இருந்திருந்தால் இவ்வளவு நேரம் உங்களைக் காக்க வைத்திருக்க மாட்டேன் என்று என்னிடம் வருத்தப்பட்டார். போன் எழுந்தது. அம்மா அன்று இரவு அப்பாவின் குரலைக் கேட்டார். அந்த அண்ணன் வாங்கிய கூலியைச் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

இப்போது சொல்லுங்கள், இதில் நான் செலவு செய்ய முடியாதவன் என்பதற்கு எங்கே இடம்? புதிய போன் வாங்கும் பணம் அன்று என்னிடம் இருந்தது. என் அப்பாவின் குரலை எந்தக் கடையில் எந்த விலைக்கு வாங்குவது?

இதைத்தான் நான் முதல் பதிவிலும் எழுதியிருந்தேன். அதற்கு வந்த பதில்களில் ஒன்று, "ரிச்சி தெருவில் இருப்பவர்கள் திருட்டு பார்ட்ஸ் விற்கும் கூட்டம், அவர்களுக்காக வக்காலத்து வாங்குகிறார்." இதை எழுதியவரும் அந்த முதல் வரியை எழுதியவரும் ஒருவரே. அதைப் படித்ததும் கை நடுங்கிவிட்டது. என் தாய்மாமா கும்பகோணத்தில் ரேடியோவும் டிவியும் பழுதுபார்த்துக் குடும்பத்தைக் காப்பாற்றியவர். அந்தக் காலத்து ரேடியோவின் பின்மூடியைக் கழற்றினால் உள்ளே சர்க்யூட் படத்தையே ஒட்டி வைத்திருப்பார்கள். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட மாமா தொழில் கற்றார். தன் பொருளைத் திறப்பவனைக் கம்பெனி அப்போது எதிரியாகப் பார்க்கவில்லை, திறப்பவனுக்கு வழிகாட்டியது. அந்தப் படத்தைப் பிடுங்கிக்கொண்டு, உதிரி பாகத்தைப் பூட்டிக்கொண்டு, பிறகு எங்கிருந்தோ கிடைத்ததை வைத்துச் சரிசெய்கிறவனைத் திருடன் என்றால் அது அநியாயம். அசலை விற்க மறுத்துவிட்டு, ஏன் அசல் வைக்கவில்லை என்று கேட்பதில் என்ன நேர்மை இருக்கிறது?

உலகத்தில் 2022இல் மட்டும் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது என்றும், அதில் கால்வாசிக்கும் குறைவாகத்தான் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததற்குக் கணக்கு இருக்கிறது என்றும் ஐக்கிய நாடுகள் சபையின் அறிக்கை சொல்கிறது. இந்தக் குப்பைமலையில் ஒரு கைப்பிடியையாவது குறைப்பவர்கள் அந்த மாடிப்படியின் அடியில் உட்கார்ந்திருப்பவர்கள்தான். அவர்களுக்கு ஒரு வணக்கம் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, திருடன் என்று சொல்லாமல் இருக்கலாம். அழுக்குப் படிந்த விரலோடு உழைக்கிறவனைப் பார்த்தால் நமக்கு ஏன் உடனே சந்தேகம் வருகிறது? குளிர்சாதன அறையில் டோக்கன் கொடுத்து உட்காரவைத்து, பழுதுபார்க்க முடியாது என்று ஆங்கிலத்தில் சொல்பவர் மீது அந்தச் சந்தேகம் வருவதில்லையே, ஏன்?

அந்த இரண்டு வரிகளையும் எழுதிய நண்பரை நட்புப் பட்டியலிலிருந்து நீக்கச் சொல்லிச் சிலர் உள்பெட்டியில் எழுதினார்கள். நீக்கவில்லை. அவருடைய வார்த்தைகளையும் அழிக்கவில்லை. அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறேன்: காசு கொடுத்து வாங்கியவனுக்கு அவன் பொருளின் சர்க்யூட் படத்தைத் தரக்கூடாது என்பதற்கு, கம்பெனியின் லாபத்தைத் தவிர வேறு ஒரு காரணம் சொல்லுங்கள். இதை எழுதும்வரை அவர் பதில் சொல்லவில்லை. வேறு யாருக்காவது தெரிந்தாலும் எழுதலாம், படிக்கிறேன். என் மாமாவைப் பற்றியும் அந்த அண்ணனைப் பற்றியும் மட்டும் இனி ஒரு சொல் தவறாக வரக்கூடாது.