போட்டோ போட்டாச்சா?

நேற்று ராத்திரி அலுவலகத்தை விட்டுக் கிளம்பும்போது மணி ஒன்பதே கால். என்ன பெரிய வேலை என்று கேட்டால், ஒன்றுமில்லை. ஏழு மணிக்கு மாவட்டத்திலிருந்து விசி, அதாவது வீடியோ கான்பரன்ஸ். எங்கள் வட்டார வளர்ச்சி அலுவலர், பிடிஓ, உள்ளே லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். ஏதாவது புள்ளிவிவரம் கேட்டால் எடுத்துக் கொடுக்க வேண்டுமாம், அதற்காக வெளியே நாங்கள் ஆறு பேர். எங்கள் ஒன்றியத்தின் முறை வந்தது எட்டே முக்காலுக்கு. பேசியது இரண்டு நிமிடம். கேட்டது ஒரே கேள்வி: "தொட்டி சுத்தம் பண்ணின போட்டோ நாலு ஊராட்சிக்கு ஏன் வரல?"

தொட்டி சுத்தமாச்சா என்று அல்ல. போட்டோ ஏன் வரல.

ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்கு வந்து பத்து வருஷம் ஆகிறது. குரூப் 4 எழுதி இளநிலை உதவியாளராக வந்தேன், இப்போது உதவியாளர். வேலை நேரம் காலை 10 முதல் மாலை 5.45 வரை. அந்த ஐந்தே முக்காலை நான் வீட்டில் பார்த்தது தீபாவளி, பொங்கலுக்குத்தான். பிடிஓ ஜீப் கிளம்பும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது என்று எந்த விதியிலும் கிடையாது. ஆனால் எழுந்து பாருங்கள். "என்னம்மா, அதுக்குள்ளயா?" என்பார் மேலாளர். அந்த "அதுக்குள்ளயா" வரும்போது மணி ஏழரை இருக்கும். ஏதோ பள்ளிக்கூடத்திலிருந்து பாதியில் ஓடுகிற பிள்ளை மாதிரி கூனிக்குறுகிப் பையை எடுக்க வேண்டும்.

என் போனில் அலுவலகத்துக்கென்று மட்டும் 23 வாட்ஸ்அப் குழுக்கள். வீடு கட்டும் திட்டத்துக்கு ஒன்று, குடிநீருக்கு ஒன்று, நூறு நாள் வேலைக்கு ஒன்று, குப்பைக்கு ஒன்று, மனுக்களுக்கு இரண்டு. விசிக்கு ஒரு குழு, விசிக்கு லிங்க் வரவில்லை என்று சொல்ல இன்னொரு குழு. காலை ஆறரைக்கே ஆரம்பித்துவிடும். "இன்னும் 11 ஊராட்சி போட்டோ போடவில்லை. இது கடைசி எச்சரிக்கை." இப்படிக் கடைசி எச்சரிக்கை வாரத்துக்கு நாலு வரும். கீழே வரிசையாகக் கைகூப்பும் பொம்மை போட வேண்டும். போடாதவர் பெயர் மதியத்துக்குள் தனியாக வரும்.

அந்தத் தொட்டிக் கதையைச் சொல்கிறேன். மேல்நிலைத் தொட்டிகளை மாதத்தில் இரண்டு முறை, 5ஆம் தேதியும் 20ஆம் தேதியும், கழுவ வேண்டும். நல்ல ஏற்பாடு, குறை சொல்ல ஒன்றுமில்லை. நேற்று திட்டு வாங்கிய நாலு ஊராட்சியில் ஒன்றின் தொட்டி ஆபரேட்டர் வயது ஐம்பதைத் தாண்டியவர், பட்டன் போன் வைத்திருப்பவர். மனுஷன் 5ஆம் தேதி விடியற்காலையிலேயே ஏறி, உள்ளே இறங்கித் தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றிவிட்டு இறங்கியிருக்கிறார். நான் போன் போட்டதும் அவர் கேட்டது இது: "ஏம்மா, நான் மேல ஏறிட்டா கீழ நின்னு போட்டோ எடுக்கறது யாரு?" என்னிடம் பதில் இல்லை. வழக்கமாகப் பக்கத்து வீட்டுப் பையன் அவன் அம்மா போனில், ஜிபிஎஸ் கேமராவில், தேதியும் இடமும் விழும்படி எடுத்துக் கொடுப்பானாம். அன்றைக்கு அவனுக்குப் பரீட்சை. ஆகவே அந்தத் தொட்டி கழுவப்படவில்லை. அரசாங்கக் கணக்குப்படி கழுவப்படவில்லை.

எங்கள் ஒன்றியத்திலேயே முதலில் படம் போட்டுப் பாராட்டு வாங்கிய ஊராட்சி ஒன்று இருக்கிறது. அருமையான படம். ஏணி உச்சியில் ஆள், கையில் வாளி, பின்னால் நீல வானம். அந்த ஊராட்சிக்கு இரண்டு மாதமாகப் பிளீச்சிங் பவுடரே போகவில்லை. எப்படித் தெரியும் என்கிறீர்களா? அந்த ஸ்டாக் பதிவேடு என் சீட்டில்தான் இருக்கிறது. வாளியில் என்ன இருந்தது என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதற்காக என்னையும் சேர்த்தே திட்டிக்கொள்கிறேன்.

இது எங்கள் ஒன்றியத்தின் நோய் மட்டும் இல்லை. நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி முதல் எல்லா வேலைத்தளத்திலும் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஆட்களைப் படம் பிடித்துச் செயலியில் ஏற்ற வேண்டும் என்றார்கள். திருட்டு வருகையை ஒழிக்கத்தான். என்ன ஆயிற்று? சம்பந்தமே இல்லாத படத்தை ஏற்றுகிறார்கள், போனில் இருக்கும் படத்தையே இன்னொரு போனில் படம் பிடித்து ஏற்றுகிறார்கள் என்று 2025 ஜூலையில் மத்திய அமைச்சகமே சுற்றறிக்கை விட்டது. அதற்குக் கண்டுபிடித்த மருந்து, ஏற்றிய படங்களை ஒவ்வொரு மட்டத்திலும் ஆள் வைத்துச் சரிபார்ப்பது. ஊராட்சியில் ஒருவர், ஒன்றியத்தில் ஒருவர், மாவட்டத்தில் ஒருவர். தோண்டிய வாய்க்காலைப் போய்ப் பார்க்க ஆள் இல்லை, படத்தைப் பார்க்க வரிசையில் ஆள்.

சரி, இத்தனை பேர் இருக்கிறீர்களே, ஒருத்தர் வாய் திறக்கக் கூடாதா என்றால், 17பி. அரசு ஊழியர் வீட்டில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒழுங்கு நடவடிக்கை விதியில் ஒரு பிரிவு. அதில் ஒரு குறிப்பாணை வந்து முடியாமல் கிடந்தால் பதவி உயர்வுப் பேனலில் பெயர் ஏறாது, ஜூனியர் நம்மைத் தாண்டிப் போவார். எங்கள் இடத்தில் இதை வணக்கம் சொல்வது மாதிரி சொல்கிறார்கள். "அறிக்கை நாலு மணிக்குள்ள வரலன்னா 17பிதான்." ஒரு முறை பிரிண்டரில் டோனர் தீர்ந்ததற்குக் கூட இதைச் சொன்னார்கள்.

பிடிஓவை மட்டும் திட்டிப் பயனில்லை என்பதும் தெரியும். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்தது. தலைவர்கள் வீட்டுக்குப் போனார்கள், தனி அலுவலர்கள் வந்தார்கள். ஊராட்சிகளுக்கு அந்தத் தனி அலுவலர் பிடிஓதான். எங்களுக்கு இது புதிதும் இல்லை. 2016 அக்டோபரிலிருந்து மூன்று வருஷத்துக்கு மேல் இப்படித்தான் ஓட்டினோம். மாநிலத்தில் 388 ஒன்றியம், சுமார் 12,500 ஊராட்சி, வகுத்துப் பாருங்கள், சராசரியாக ஒன்றியத்துக்கு 32 ஊராட்சி. அத்தனை ஊரின் தெருவிளக்கும் குழாயும் மோட்டாரும் ஒரு பிடிஓவின் மேசையில் வந்து விழுகின்றன. அவர் மேலே வாங்குவதைக் கீழே இறக்குகிறார். மேலாளர் என் மேல் இறக்குகிறார். நான் ஊராட்சி செயலர் மேல். அவர் ஆபரேட்டர் மேல். ஆபரேட்டருக்குக் கீழே ஏணிதான் இருக்கிறது.

இன்னொரு எரிச்சல், அளவில் சின்னது. எங்கள் அலுவலகத்தில்தான் தனிநபர் கழிப்பறைத் திட்டத்தின் கோப்புகள் இருக்கின்றன. வீட்டுக்கு 12,000 ரூபாய், எத்தனை கட்டியாச்சு, படம் ஏறியாச்சா, எல்லாம். அதே கட்டடத்தில் பெண்கள் கழிப்பறையில் தாழ்ப்பாள் கிடையாது, ஒன்றரை வருஷமாகக் குழாயில் தண்ணீரும் இல்லை. நாங்கள் எட்டுப் பெண்கள். எதிரே பெட்டிக்கடை வைத்திருக்கும் அக்கா வீட்டுக்குத்தான் போகிறோம். ஆய்வுக்கு அதிகாரி வரும் அன்றைக்கு மட்டும் இரண்டு குடம் தண்ணீர் வந்து வாசலில் நிற்கும். அதையும் படம் எடுப்பார்கள்.

இப்போது இதையெல்லாம் கொட்டக் காரணம் இன்று காலை நடந்தது.

போன மாதம் ஒரு கிழவி திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் ஆபீஸில் மனுக் கொடுத்திருக்கிறார். தெருவுக்குத் தண்ணீர் வந்து இருபது நாளாகிறது, மோட்டார் கருகிவிட்டது. மனுவுக்கு நம்பர் விழுந்து, மாவட்டம் தாண்டி, பிடிஓ தாண்டி, என் சீட்டுக்கு வந்தது. ஊராட்சி செயலரைக் கேட்டேன். மோட்டாரைக் கழற்றியாச்சாம். ரீவைண்டிங் செய்பவருக்குப் பழைய பாக்கி இருக்கிறது, அதைக் கொடுத்தால்தான் இதைத் தொடுவேன் என்கிறாராம். பாக்கி பில் எங்கே? பிடிஓ மேசையில், 32 ஊராட்சி பில்களுக்கு நடுவில். அதை எடுத்து மேலே வையுங்கள் என்று நானே இரண்டு முறை குறிப்பு எழுதினேன்.

அதற்குள் நிலுவை மனுப் பட்டியல் வந்துவிட்டது. மாவட்டத்தில் எங்கள் ஒன்றியம் கடைசியிலிருந்து மூன்றாவது. மேலாளர் வந்து நின்றார். "நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறதுன்னு போட்டு முடிச்சு விடும்மா. மோட்டார் எப்படியும் வரும்ல." கழற்றிய மோட்டாரின் படம் ஒன்று இருந்தது, அதையும் இணைத்து மனுவை முடித்தேன். சாயங்காலம் நிலுவை பூஜ்யம். குழுவில் மேலிருந்து கட்டைவிரல் வந்தது. பத்து வருஷத்தில் எனக்கு வந்த பாராட்டுகளில் அதுவும் ஒன்று.

இன்று பத்தரை மணிக்கு அந்தக் கிழவி நேரே என் மேசைக்கு வந்தார். கையில் பேரனுடைய போன். "மெசேஜ் வந்திருக்காம் தாயி, கொஞ்சம் படிச்சுச் சொல்லு." படித்தேன். உங்கள் மனுவின் மீது தீர்வு காணப்பட்டது. அவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"அப்போ தண்ணி எத்தன மணிக்குத் தாயி விடுவாங்க?"

என்ன சொல்வது? உட்கார வைத்து, ஒரு வெள்ளைத்தாள் எடுத்து, இன்னொரு மனு எழுதிக் கொடுத்தேன். திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுங்க பாட்டி என்றேன். பஸ்ஸுக்கு ஐம்பது ரூபாயும் கொடுத்தேன். எப்படியும் பத்து நாளில் அது என் சீட்டுக்கே வரும்.